சித்தி அனுப்பிய பிடிஎஃப்: ஒரு மசோதா சட்டமாவது எப்படி?

2023 செப்டம்பர் 19-ஆம் தேதி ராத்திரி சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. கூடவே ஒரு வரி: "சட்டம் வந்துருச்சாமே, அடுத்த எலெக்‌ஷன்ல நம்ம தொகுதி பொம்பளைங்களுக்கா?" சித்தி ஒரு காலத்தில் ஊரில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்து, ஐந்து வருஷம் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவர். பொழுதுபோகாமல் கேட்ட கேள்வி இல்லை.

பிடிஎஃபைத் திறந்தேன். சில பக்கங்கள்தான். முதல் பக்கத்தின் உச்சியில், ஓரமாக, யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது. மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்ட வடிவம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அவ்வளவுதான் அந்தக் காகிதத்தின் தகுதி. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் அன்றைக்குச் சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் அவையில் வைத்த, மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா அது. சட்டம் என்று சொல்ல இன்னும் நிறையப் படி ஏற வேண்டும்.

அந்த ஓர வரி மசோதாவோடு சேர்ந்து மாறிக்கொண்டே போகும். மக்களவை ஏற்றுக்கொண்டால் 'மக்களவை நிறைவேற்றிய வடிவம்' என்று ஆகும். மாநிலங்களவையும் ஏற்றால் 'இரு அவைகளும் நிறைவேற்றிய வடிவம்'. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகு அரசிதழில் ஒரு சட்ட எண்ணோடு வரும். அதன் பிறகுதான் அதற்குச் சட்டம் என்று பெயர். அதுவரை மசோதா, நம் சட்டப்பேரவைத் தமிழில் சட்டமுன்வடிவு. டிவியில் 'புதிய சட்டம்' என்று சிவப்புப் பட்டை ஓடும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த ஓர வரியைத்தான். பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும்.

சரி, சித்திக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அவைக்கு வருவதற்கு முன்

மசோதாவை எம்.பி.க்கள் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சம்பந்தப்பட்ட அமைச்சகத்தில் ஒரு கோப்பாகத்தான் அது பிறக்கும். மற்ற அமைச்சகங்களின் கருத்தைக் கேட்பார்கள். சட்ட அமைச்சகத்தில் சட்டமியற்றல் துறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வரைவு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட அதிகாரிகள் அதற்குச் சட்ட மொழி கொடுப்பார்கள். பிறகு அமைச்சரவை ஒப்புதல். வரைவை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அது கொள்கை மட்டுமே. பின்பற்றாவிட்டால் மசோதா செல்லாது என்று யாரும் சொல்லிவிட முடியாது, அதனால் பல மசோதாக்கள் அந்த வாசலை எட்டிப் பார்க்காமலே அவைக்கு வந்துவிடுகின்றன.

அச்சான மசோதாவை எங்கிருந்து படிப்பது? நேராகப் பிரிவுகளுக்குள் போனால் தலை சுற்றும். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். 'நோக்கங்களும் காரணங்களும்' என்று ஒரு பக்கம் இருக்கும். இந்தச் சட்டம் எதற்காக என்று அரசு தன் வாயால் சொல்லும் இடம் அது. அடுத்து நிதிக் குறிப்பு: கஜானாவிலிருந்து எவ்வளவு போகும் என்ற கணக்கு. அப்புறம் எந்தெந்த விஷயத்தில் விதிகளை அரசே பிறகு எழுதிக்கொள்ளும் என்று சொல்லும் குறிப்பு ஒன்று. எனக்குக் கேட்டால், மூன்றிலும் இதுதான் முக்கியம். 'விதிகளில் குறிப்பிடப்படும் முறையில்' என்ற சொற்றொடர் மசோதாவில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் நாடாளுமன்றம் இப்போது முடிவு செய்யாமல் அதிகாரிகளிடம் விட்டுவைத்த ஓர் இடம்.

மசோதாவின் பிரதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் வராது. சித்தி மாதிரி ஆட்களுக்கு முதல் தடை அங்கேயே வந்துவிடுகிறது.

அறிமுகம்: சடங்குதான், ஆனால் எப்போதும் இல்லை

'மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன்' என்று அமைச்சர் எழுந்து சொல்வார். அவை அனுமதிக்கும். பணம் சம்பந்தப்பட்ட மசோதா இல்லையென்றால் எந்த அவையில் வேண்டுமானாலும் தொடங்கலாம். எதிர்ப்பவர்கள் அறிமுகத்தையே எதிர்த்துச் சுருக்கமாகப் பேசலாம். இதற்கு முதல் வாசிப்பு என்று பெயர், ஆனால் யாரும் எதையும் வாசிப்பதில்லை. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுத்தர் உண்மையாகவே உரக்க வாசித்தார். பெயர் மட்டும் கப்பலேறி இங்கே வந்துவிட்டது.

பெரும்பாலான மசோதாவுக்கு இது இரண்டு நிமிஷ வேலை. மகளிர் மசோதாவுக்கு அப்படி அமையவில்லை. 1996 செப்டம்பர் 12-ஆம் தேதி தேவகவுடா அரசு அதை முதன்முதலில் கொண்டுவந்தது. அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் போனது. 1998 ஜூலையில் வாஜ்பாய் அரசின் சட்ட அமைச்சராக இருந்த நம்ம ஊர் தம்பிதுரை அறிமுகம் செய்ய எழுந்தார். எதிர்த்த உறுப்பினர்கள் அவையின் நடுவே பாய்ந்து பிரதியைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். அன்றைக்கு அறிமுகம்கூட நடக்கவில்லை.

யாரும் பார்க்காத அறை

மசோதா நிஜமாகவே அலசப்படும் இடம் டிவியில் வராது. அது குழு அறை.

துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. கதவு மூடித்தான் கூட்டம் நடக்கும், கேமரா கிடையாது. கேமரா இல்லாததாலேயே அங்கே எம்.பி.க்கள் கட்சிக்காரர்களாகக் கொஞ்சம் குறைவாகவும், படித்த மனிதர்களாகக் கொஞ்சம் அதிகமாகவும் நடந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம். இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவும் அந்த அறைக்குள் செல்லாது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் குடைவார்கள், நிபுணர்களைக் கேட்பார்கள். பொதுமக்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம் என்று விளம்பரம் வரும். ஒரு சாதாரண ஆள் தன் பெயரோடு நாடாளுமன்றத்துக்குள் ஒரு காகிதத்தைச் செலுத்த முடிவது கிட்டத்தட்ட இந்த ஒரு வழியில்தான். இதைத் தவிர, ஒரே ஒரு மசோதாவுக்காகத் தனியாகத் தேர்வுக்குழுவோ, இரு அவைக் கூட்டுக்குழுவோ அமைப்பதும் உண்டு. செய்தியில் ஜேபிசி என்று அடிபடுவது இந்தக் கூட்டுக்குழுதான்.

குழு சொல்வதை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் அங்கே போய் வந்த மசோதாவுக்கும் போகாததற்கும் வித்தியாசம் தெரியும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவைப் பாருங்கள். 2019 டிசம்பரில் அறிமுகமாகிக் கூட்டுக்குழுவுக்குப் போனது. குழு இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு 81 திருத்தங்களைச் சொன்னது. இத்தனை திருத்தத்துக்குப் பிறகு பழைய மசோதாவில் என்ன மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ, 2022 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிதாக எழுதிய மசோதா 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அறிமுகம், 7-ஆம் தேதி மக்களவை, 9-ஆம் தேதி மாநிலங்களவை, 11-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஒன்பது நாள் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. இந்த இரண்டாவது மசோதா எந்தக் குழுவுக்கும் போகவில்லை.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை என்பதுதான் இதில் உள்ள ஓட்டை. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதா குழுவுக்குப் போனது. 2019 முதல் 2024 வரையிலான காலத்தில் ஆறில் ஒன்று அளவுக்குத்தான். அவை எத்தனை மணி நேரம் நடந்தது, எத்தனை முறை முடங்கியது என்றுதான் பத்திரிகைகள் கணக்குப் போடுகின்றன. நான் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பேன்.

ஆம் என்போரும் இல்லை என்போரும்

குழுவிலிருந்து திரும்பினாலும், குழுவுக்கே போகாவிட்டாலும், அடுத்தது இரண்டாம் வாசிப்பு. முதலில் பொதுவாக விவாதம். நாம் யூடியூபில் பார்க்கும் ஆவேசப் பேச்சுகள் எல்லாம் இங்கே நடப்பவை. அதன் பிறகு பிரிவு பிரிவாக எடுப்பார்கள். பார்க்கவே சலிப்பான கட்டம். 'பிரிவு 2 முதல் 17 வரை மசோதாவின் பகுதியாக இருக்கட்டும்' என்று தலைமையில் இருப்பவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். யாராவது திருத்தம் கொடுத்திருந்தால் அந்தப் பிரிவில் நின்று, திருத்தத்தை அவையின் முன் வைத்து, பெரும்பாலும் தோற்கடித்துவிட்டு நகர்வார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு: பிரிவு 1-ஐக் கடைசியில்தான் எடுப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் முடிவான பிறகுதானே பெயர் வைக்க முடியும்! பிரிவு 1-இல் பெயரோடு இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிவில் மூன்றாம் வாசிப்பு. 'மசோதா நிறைவேற்றப்படலாம்' என்ற தீர்மானம். இங்கே புதிய வாதம் எதுவும் எடுபடாது. வேண்டும், வேண்டாம் என்ற அளவுதான்.

ஒவ்வொரு கட்டத்திலும் முடிவு குரலால்தான். 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று நம் சட்டப்பேரவையில் கேட்டிருப்பீர்களே, அதேதான் அங்கே இந்தியிலோ ஆங்கிலத்திலோ. எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று தலைவரின் காது தீர்மானிக்கும். எண்ணிக்கை பதிவாகாது. எந்த எம்.பி. எந்தப் பக்கம் என்பதும் பதிவாகாது. நம் தொகுதி எம்.பி. ஒரு மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போனால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

குரல் முடிவை ஏற்காத உறுப்பினர் பகுப்பு வாக்கெடுப்பு கேட்கலாம். டெல்லிப் பேச்சில் 'டிவிஷன்'. கேட்டதும் வளாகம் முழுக்க மணி அடிக்கும், மூன்றரை நிமிஷம். கேன்டீனிலும் வராந்தாவிலும் இருப்பவர்கள் ஓடி வர வேண்டும். பிறகு கதவுகளைச் சாத்திவிடுவார்கள். அவரவர் இருக்கையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்கள்: ஆம், இல்லை, நடுநிலை. அதில் ஒன்றை மட்டும் அழுத்தினால் போதாது. வாக்குப் பொத்தான் என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்து, இரண்டாவது மணி கேட்கும் வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். புது எம்.பி.க்கள் இதில் தடுமாறுவது சகஜம். அதற்காகவே திருத்தச் சீட்டு கொடுப்பார்கள்.

டிவிஷன் கேட்டும் கிடைக்காத நாளும் உண்டு. 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. எதிர்க்கட்சியினர் பகுப்பு வாக்கெடுப்பு கேட்டார்கள். அவர்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று அவைத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறிற்று. அடுத்து டெல்லி எல்லையில் விவசாயிகள் எப்படிப் போராடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 நவம்பர் 29-ஆம் தேதி அதே சட்டங்களை ரத்து செய்யும் மசோதா வந்தது. விவாதமே இல்லாமல் ஒரே நாளில் இரு அவையிலும் முடிந்தது. கொண்டுவந்தபோதும் அவசரம், எடுத்தபோதும் அவசரம்.

வாக்கெடுப்பில் ஆச்சரியங்கள் அரிது. காரணம் கொறடா. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவியே பறிபோகலாம். ஆகவே பொத்தானை அழுத்துவது உறுப்பினரின் விரல் என்றாலும் முடிவு கட்சி அலுவலகத்தில் முந்தின நாளே ஆகிவிடுகிறது. குழு அறையைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதியதற்கும் அதுதான் காரணம்.

இன்னொரு அவை

ஓர் அவையில் முடிந்தால் மற்ற அவையில் இதே கூத்து முதலிலிருந்து நடக்கும். மாநிலங்களவை திருத்தம் செய்தால் மசோதா மக்களவைக்குத் திரும்ப வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஓர் அவை ஆறு மாதத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டது என்றால் குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். மக்களவையில் 543 இடம், மாநிலங்களவையில் 245. சேர்த்து உட்கார்ந்தால் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் மசோதாவுக்காக இதுவரை மூன்றே முறைதான் அப்படிக் கூடியிருக்கிறார்கள்: 1961-இல் வரதட்சணைத் தடை மசோதாவுக்கு, 1978-இல் வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்யும் மசோதாவுக்கு, 2002-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதாவுக்கு.

பண மசோதா என்று ஒரு குறுக்குவழி உண்டு. வரி, அரசுக் கடன், கஜானாச் செலவு ஆகியவை பற்றி மட்டும் பேசும் மசோதா. இதை மாநிலங்களவை தடுக்க முடியாது. 14 நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும், அந்த யோசனையை மக்களவை குப்பையில் போட்டாலும் செல்லும். எது பண மசோதா என்பதைச் சபாநாயகர்தான் சொல்வார். 2016-இல் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மாநிலங்களவை மார்ச் 16-ஆம் தேதி ஐந்து திருத்தங்களைச் சொன்னது. அன்றைக்கே மக்களவை அத்தனையையும் நிராகரித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் இதை ஏற்றார்கள். சந்திரசூட் மட்டும் இது அரசமைப்பின் மீதான மோசடி என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மசோதாவின் மேல் ஒட்டும் லேபிளுக்கு அவ்வளவு மதிப்பு.

அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு மட்டும் குறுக்குவழி எதுவும் கிடையாது. கூட்டுக் கூட்டமும் கிடையாது. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. குரல் வாக்கு இங்கே உதவாது, எண்ணித்தான் ஆக வேண்டும். 1970 செப்டம்பரில் முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் மசோதா மக்களவையைத் தாண்டி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224, அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு ஆளின் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா விழுந்தது! அடுத்த ஆண்டு தேர்தலில் ஜெயித்து வந்து வேறொரு திருத்தமாக அதை நிறைவேற்றினார் இந்திரா.

மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஜிஎஸ்டி அப்படித்தான் வந்தது.

மகளிர் மசோதாவும் அரசமைப்புத் திருத்தம்தான். மக்களவை கலைந்தால் அங்கே கிடக்கும் மசோதாக்கள் காலாவதியாகும். மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவைக்கு வந்து சேராத மசோதா மட்டும் தப்பிக்கும். இந்தக் கணக்கு தெரிந்துதான் 2008-இல் மன்மோகன் அரசு அதை மாநிலங்களவையில் தொடங்கியது. 2009-இல் மக்களவை மாறியபோது மசோதா சாகவில்லை. 2010 மார்ச் 9-ஆம் தேதி அமளி செய்தவர்களைக் காவலர்கள் வெளியேற்றிய பிறகு 186-க்கு 1 என்று நிறைவேறியது. ஆனால் நிறைவேறி மக்களவைக்கு வந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. மக்களவை அதை எடுக்கவே இல்லை. 2014-இல் காலாவதி. 2023-இல் வந்தது முற்றிலும் புதிய மசோதா: செப்டம்பர் 20-ஆம் தேதி மக்களவையில் 454-க்கு 2, மறுநாள் மாநிலங்களவையில் 214-க்கு 0. 27 வருஷம் இழுத்தது மூன்று நாளில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம்

அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் மசோதா கொண்டுவரலாம். தனிநபர் மசோதா என்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கம், எம்.பி.க்கள் ஊருக்கு ரயிலோ விமானமோ பிடிக்கப் பெட்டி கட்டும் நேரம். சுதந்திரத்துக்குப் பிறகு இப்படிச் சட்டமானவை 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல்.

2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை. திருநங்கை, திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. ஓர் அவையிலாவது ஒரு தனிநபர் மசோதா தேறியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அன்றுதான். மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அரசு சும்மா இருக்க முடியாமல் போனது. தன் பங்குக்கு ஒரு மசோதா எழுதி 2019-இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. தனிநபர் மசோதாவின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கதையிலேயே தெரிந்துவிடும்.

கையெழுத்து

இரு அவையும் முடித்தால் மசோதா குடியரசுத் தலைவரிடம் போகும். அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பண மசோதாவாக இல்லாவிட்டால் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். திருப்பியதை அவைகள் மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். 2006-இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். ஒரு எழுத்தும் மாற்றாமல் அதையே திரும்ப அனுப்பினார்கள். ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அரசமைப்புத் திருத்தம் என்றால் 1971-க்குப் பிறகு திருப்பி அனுப்பும் வாய்ப்பே இல்லை.

ஆனால் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அரசமைப்பில் எழுதவில்லை. ராஜீவ் காந்தி காலத்து அஞ்சல் மசோதா மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மேஜையிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் 1990-இல் அதைத் திருப்பி அனுப்பினார். அதற்குள் ஆட்சி மாறிவிட்டது, மறுபடி யாரும் அதை நிறைவேற்றவில்லை. ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடுவது பற்றி நம் மாநிலத்தில் நடந்த சண்டையும் வழக்கும் இதே வகைதான்; சட்டப் பிரிவு மட்டும் வேறு.

பிரிவு 1, உட்பிரிவு 2

2023 செப்டம்பர் 28-ஆம் தேதி மகளிர் மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. உள்ளே போகும்போது 128-ஆவது திருத்த மசோதா. வெளியே வரும்போது 106-ஆவது திருத்தச் சட்டம். மசோதாவாகவே செத்துப்போனவற்றுக்கும் எண் உண்டு என்பதால் இந்த வித்தியாசம். இரண்டும் வேறு வேறு சட்டம் என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தி விடவில்லை. "இப்பதான் சட்டமாயிடுச்சே, அப்ப எலெக்‌ஷனுக்கு?"

கடைசியில் எடுப்பார்கள் என்று சொன்னேனே, அந்தப் பிரிவு 1. அதன் இரண்டாம் உட்பிரிவைப் பார்க்கச் சொன்னேன். 'மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும்' என்பது அதன் சாரம். சட்டம் ஆவதும் நடைமுறைக்கு வருவதும் இரண்டு வேறு தேதிகள். அதற்கு மேல் இந்தச் சட்டம் உள்ளேயே இன்னொரு பூட்டும் வைத்திருந்தது: சட்டம் தொடங்கிய பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாக வேண்டும், அதன்படி தொகுதி மறுவரையறை நடக்க வேண்டும், பிறகே ஒதுக்கீடு. ஆக 2024 தேர்தலுக்கு இல்லை.

தேதி வந்தாலும் விதிகள் வர வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச்சில். ஒன்பது நாளில் ஓடி முடித்த அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது.

தேதியே வராமல் போவதும் உண்டு. நெருக்கடி நிலை முடிந்த பிறகு, 1978-இல் 44-ஆவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. அதன் பிரிவு 3, விசாரணையில்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்துக்குக் கடிவாளம் போடுகிறது: ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. இரு அவையும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் கையெழுத்திட்டாயிற்று. இன்றைக்கும் மத்திய அரசு அச்சிடும் அரசமைப்புப் புத்தகத்தில் 22-ஆவது உறுப்புக்குக் கீழே அடிக்குறிப்பாகத்தான் அது கிடக்கிறது. எப்போதிலிருந்து என்ற இடத்தில், தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று போட்டிருக்கும்.